வெற்றாசனங்களும் இழுத்துவந்த இருவரும்

1787 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 ஆம் நாள், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு விந்தை நிகழ்ந்தது. பென்சில்வேனியா மாநிலச் சட்டசபையின் அங்கத்தவர் இருவரை, அவர்கள் தங்கியிருந்த விடுதிக்குள் வலிந்து புகுந்த ஒரு கூட்டம் பற்றிப் பிடித்துத் தெருவழியே இழுத்துச் சென்று சபைக்குள்ளே தள்ளியது. அவர்களின் உடை கிழிந்திருந்தது. அவர்கள் திருடரல்லர்; கொலைகாரருமல்லர். தம் பகுதி மக்கள் முறைப்படி தெரிந்தனுப்பிய பிரதிநிதிகள். அவர்கள் செய்த குற்றம் ஒன்றே: சபைக்கு வர மறுத்தார்கள். அவர்களை இழுத்து வந்தோர் வேண்டியதும் ஒன்றே. அது அவர்களின் வாக்கன்று, அவர்களின் அறிவுரையுமன்று. அவர்களின் உடல் ஆசனத்தில் இருந்தாற் போதும் என்பதே.

மக்களாட்சியின் வரலாற்றிலே பெரிதும் போற்றப்படும் ஒரு மண்டபத்தில் இது நடந்தது. 1776 இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்டதும், 1787 இல் அந்நாட்டின் அரசியல் யாப்பு வரையப்பட்டதும் இதே கட்டிடத்தில்தான். விடுதலை பிறந்த வீட்டிலே, பிரதிநிதிகள் கழுத்திற் கைவைத்துக் கொண்டுவரப்பட்டது ஏன்? அதனால் வென்றவர் யார்? தோற்றவர் யார்? எண்ணிக்கையிற் சிறியோராய் ஒரு சபையில் அமர்ந்திருப்போரும், எண்ணிக்கையிற் பெரியோராய் அதனை நடத்துவோரும் நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டிய கதை இது.

இரு கட்சிகள்

1776 இல் பிரித்தானிய ஆட்சியினின்றும் விடுபட்ட பென்சில்வேனியா, தனக்கென ஓர் யாப்பை வகுத்துக்கொண்டது. அக்காலத்து மாநில யாப்புக்களுள் மக்களுக்கு மிக அணுக்கமாக நின்றவற்றுள் அதுவும் ஒன்று. ஒரே சபை, மேற்சபை கிடையாது. தனியொரு ஆளுநர் இல்லை; நிருவாகம் ஒரு குழுவின் கையில் இருந்தது. தேர்தல் ஆண்டுதோறும் நடந்தது. ஏழாண்டுக் காலத்தில் நான்காண்டுக்கு மேல் எவரும் சபையில் இருத்தலாகாது. சபையின் கதவு மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். பொதுவான மசோதா எதுவும் இறுதி விவாதத்துக்கு முன் அச்சிடப்பட்டு மக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். திடீர் அவசரம் நேர்ந்தாலன்றி, அடுத்த கூட்டத்தொடர் வரும்வரை அது சட்டமாகவுங் கூடாது.

இந்த யாப்பைப் பற்றியே மாநிலத்தில் இரு கட்சிகள் எழுந்தன. அதனைக் காக்க நின்றோர் யாப்புக் கட்சியார் எனப்பட்டனர். மேற்குப் பகுதிகளில் மலைகளுக்கு அப்பாலும் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலும் கமஞ் செய்து வாழ்ந்த மக்கள், அவருள்ளும் அயர்லாந்திலிருந்து வந்த ஸ்கொத்திய வழியினர், இக்கட்சிக்குப் பலமாயினர். அந்த யாப்பை மாற்றி, இரு சபைகளும் வலுவான ஓர் ஆளுநரும் வேண்டுமென்றோர் குடியரசுக் கட்சியார் எனப்பட்டனர். இப்பெயருக்கும் இன்றைய அமெரிக்காவின் குடியரசுக் கட்சிக்கும் தொடர்பில்லை. பிலடெல்பியாவின் பெருவணிகரும் கற்றறிந்த வழக்கறிஞரும் இவர்களுக்குத் தலைமை தாங்கினர். வணிகர் ரொபேட் மொறிசும், ஸ்கொத்லாந்திற் பிறந்த சட்ட அறிஞர் ஜேம்ஸ் வில்சனும் இவர்களுட் குறிப்பிடத்தக்கோர்.

இக்கட்சிகளுள் ஒன்று ஏறினால் மற்றது கட்டியதை இடிக்கும். மற்றது ஏறினால் இடித்ததை மீண்டுங் கட்டும். மொறிசின் முயற்சியால் எழுந்த வட அமெரிக்க வங்கிக்கு 1782 இற் சபை சாசனம் வழங்கியது. 1785 இல் யாப்புக் கட்சியார் பெரும்பான்மை பெற்றபோது அச்சாசனத்தை நீக்கினர். 1787 இல் ஆட்சி மறுபக்கம் மாறியதும் பதினான்கு ஆண்டு வரையறையோடு சாசனம் மீண்டும் வழங்கப்பட்டது. விளைச்சலை விற்றுக் கடனைத் தீர்க்கக் காத்திருந்த கமக்காரனுக்கும், கடன் கொடுத்துவிட்டுக் காத்திருந்த வணிகனுக்கும், நாளைய சட்டம் யாதென்று அறியமுடியாத நிலை.

மேற்குப் பகுதிக் கட்சியார் யாவரும் குற்றமற்றவர் என்று நாம் கூற வரவில்லை. நாட்டுக்கு விசுவாசச் சத்தியஞ் செய்யாதோர் வாக்குரிமை இழப்பர் என்னும் 1777 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கட்டிக் காத்தோர் இவர்களே. போரில் எப்பக்கமுஞ் சாராமையைச் சமயக் கடனாகக் கொண்ட குவேக்கர் முதலியோர் அதனால் வாக்கிழந்து நின்றனர். 1784 இல் அச்சட்டத்தைத் தளர்த்தச் சபை முனைந்தபோது யாப்புக் கட்சியார் எழுந்து வெளியேறினர், கூட்டநடப்பெண் குலைந்தது, முயற்சி வீழ்ந்தது. அன்று பயன் தந்த ஆயுதத்தையே மூன்று ஆண்டுகளின் பின் மறுபடியும் கையில் எடுத்தனர்.

கூட்டநடப்பெண் என்பது யாது? ஒரு சபை முறைப்படி அலுவல் நடத்துவதற்கு இன்றியமையாது வந்திருக்க வேண்டிய அங்கத்தவர் தொகை. எமது ஊர்ச் சங்கங்களிலும் இவ்விதி உண்டு. பென்சில்வேனியாச் சபையின் அங்கத்தவர் 69 பேர். மூன்றில் இரு பங்கினர், அதாவது 46 பேர், வந்திருந்தாலன்றிச் சபை கூடியதாகாது. ஆகவே 24 பேர் ஒன்றுசேர்ந்து வீட்டிலிருந்தால், மற்றைய 45 பேரும் கைகட்டியிருக்க வேண்டியதே.

பதினொரு நாள்

1787 மே மாதந் தொடங்கிப் பிலடெல்பியாவில் அடைத்த கதவுக்குள்ளே கூடிய மகாநாடு, ஐக்கிய அமெரிக்காவுக்கான புதிய யாப்பைச் செப்டெம்பர் 17 ஆம் நாள் நிறைவேற்றியது. மறுநாள் அது பென்சில்வேனியாச் சபையில் வாசிக்கப்பட்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் மக்கள் தெரியும் ஒரு மகாநாடு கூடி அதனை ஏற்பதா மறுப்பதா என முடிவு செய்ய வேண்டும். ஆனால், நியூயோர்க்கில் இருந்த கொங்கிரஸ் அதனை மாநிலங்களுக்கு இன்னும் அனுப்பவில்லை. பென்சில்வேனியாச் சபையின் ஆயுளோ அம்மாதம் 29 ஆம் நாளுடன் முடிவதாயிருந்தது. ஒக்டோபரிற் புதிய தேர்தல்.

செப்டெம்பர் 28 ஆம் நாள் காலை, ஒப்புதல் மகாநாட்டைக் கூட்டவேண்டுமென ஜோர்ஜ் கிளைமர் பிரேரணை கொணர்ந்தார். அவர் புதிய யாப்பிற் கைச்சாத்திட்டவர்களுள் ஒருவர். சபாநாயகர் தோமஸ் மிவ்லினும் அவ்வாறே. அங்கத்தவர் தோமஸ் பிற்ஸ்சைமன்சும் அவ்வாறே. வரைந்தவர்களே சபையிலும் அமர்ந்து விரைந்தனர்.

எதிர்த்தோர் கேட்டதென்ன? யாப்பு வெளிவந்து பதினொரு நாளே ஆயிற்று. பிற்ஸ்பேர்க் போன்ற மேற்கு ஊர்கள் ஏறக்குறைய 300 மைலுக்கு அப்பால், மலைகளுக்கு மறுபுறத்தில் இருந்தன. அங்குள்ள கமக்காரன் அந்தத் தாளைக் கண்ணாற் கண்டுமிருக்க மாட்டான். கொங்கிரஸின் அறிவிப்பு வரட்டும். புதிய சபை கூடட்டும். அதன்பின் இதனைச் செய்வோம் என்றனர். இதில் நியாயமில்லையென எவர் கூறவல்லார்? மசோதாக்களை மக்கள் பார்வைக்கு வைத்த பின்னரே நிறைவேற்ற வேண்டும் என்பது அவர்களின் மாநில யாப்பின் உயிர்நாடியன்றோ?

பெரும்பான்மையோரிடத்தும் நியாயம் இல்லாமற் போகவில்லை. மத்திய அரசு கடனிறுக்க வழியின்றித் தள்ளாடியது; மாநிலங்கள் தத்தம் வழியிற் போயின. யாப்பை ஆதரித்து நகர மக்கள் கைச்சாத்திட்ட மனுக்கள் வந்து குவிந்தன. தாமதம் புதிய ஐக்கியத்தையே குலைக்கும் என அவர்கள் அஞ்சினர். அச்சம் பொய்யன்று. ஆனால், மற்றோர் எண்ணமும் அவர்களின் உள்ளத்திருந்தது. ஒக்டோபர்த் தேர்தலிற் சபை யார் கைக்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இன்று கையிலுள்ள பெரும்பான்மையை இன்றே பயன்படுத்த விழைந்தனர்.

மகாநாடு கூட்டப்படும் என்னும் முதற்பகுதி 43 வாக்குக்கு 19 வாக்காக நிறைவேறியது. எந்நாளில், எவ்வாறு என்பன எஞ்சி நின்றன. பிற்பகல் நான்கு மணிக்குக் கூடுவதெனச் சபை கலைந்தது.

நான்கு மணிக்கு அந்தப் பத்தொன்பது ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. எண்ணிப் பார்த்தபோது, கூட்டநடப்பெண்ணுக்கு இருவர் குறைவு!

ஐந்து சிலிங்

படைக்கலச் சேவிதர் விடுதிக்கு அனுப்பப்பட்டார். வரமாட்டோம் என்ற மறுமொழியோடு அவர் திரும்பினார். மறுநாட் காலை நியூயோர்க்கிலிருந்து விரைதூதன் வந்து சேர்ந்தான். கொங்கிரஸ் புதிய யாப்பை ஆதரித்தும் எதிர்த்தும் ஒன்றுங் கூறாது மாநிலங்களுக்கு அனுப்பத் தீர்மானித்திருந்தது. எதிர்த்தோர் சொன்ன தடைகளில் ஒன்று இத்துடன் நீங்கிற்று. அந்தத் தீர்மானத்தை எடுத்துச் சென்று காட்டிய பின்னரும் அவர்கள் அசையவில்லை.

அதன் பின்னரே கூட்டம் புறப்பட்டது. பிராங்ளின் பகுதியின் அங்கத்தவர் ஜேம்ஸ் மக்கல்மொண்டும், டோவின் பகுதியின் அங்கத்தவர் ஜேக்கப் மைலியும் பிடித்திழுத்துக் கொண்டுவரப்பட்டனர். நாற்பத்தாறு நிறைந்தது.

மக்கல்மொண்ட் எழுந்தார். யாரென்று அறியாத ஆட்கள் தம்மைப் பலவந்தமாகக் கொண்டுவந்தனர் என்றும், தமக்கு விடைதர வேண்டுமென்றும் சபையைக் கேட்டார். விதிகள் வாசிக்கப்பட்டன. ஒருவர் வராமையாற் கூட்டநடப்பெண் குறைந்தால் அவர் ஐந்து சிலிங் தண்டம் இறுக்க வேண்டும் என்றது விதி. உடனே அவர் சட்டைப் பையிற் கைவிட்டுக் காசை எடுத்து, இதோ தண்டம், என்னைப் போகவிடுங்கள் என்றார். சபை சிரித்தது. தண்டம் வாங்க நியமிக்கப்பட்டவர் இங்கில்லை என்றும், அவர் இருந்தாலும் தண்டம் விதிக்க இடமில்லை, நீர்தாம் வந்து பெயர் கூப்பிட்டபோது மறுமொழி கூறிவிட்டீரே என்றும் சபாநாயகர் தெரிவித்தார்! அவர் கதவை நோக்கி நடந்தபோது, பார்வையாளர் கூட்டம் அவரை மறிக்கும்படி ஆரவாரித்தது. அவர் போதலாகாதெனச் சபை தீர்மானித்தது. நவம்பர் 6 ஆம் நாள் தேர்தல், நவம்பர் 20 ஆம் நாள் மகாநாடு என்று எஞ்சிய பகுதியும் நிறைவேறியது. சபை கலைந்தது.

சட்டம் பயின்றோர் இதனை எவ்வாறு நோக்குவர்? காணி உறுதியொன்றில் ஒருவன் கையைப் பிடித்து வலோற்காரமாகக் கைநாட்டு வைப்பித்தால், அவ்வுறுதி நீதிமன்றில் நிற்குமா? நில்லாது. ஏன்? அங்கே கை இருந்தது, மனம் இருக்கவில்லை. அங்கத்தவனின் வருகையும் அத்தகையதே. வாராதவனை வரச்செய்யும் உரிமை சபைக்கு உண்டு. அந்த உரிமையைச் செலுத்தவேண்டியவர் சபையின் சேவகர், தெருக்கூட்டம் அன்று. சேவகர் வெறுங்கையோடு திரும்பிய இடத்திற் கூட்டம் வென்று வந்தபோது, அதனைக் கண்டியாது அதன் பயனை ஏற்றுக்கொண்ட சபை, தன் அதிகாரத்தைத் தானே தெருவில் எறிந்தது.

வெளியேறியோரை விட்டுவிடுவோமா? விடுவதற்கில்லை. கூட்டநடப்பெண் விதி சிறுபான்மையோருக்குக் கொடுத்த பூட்டன்று. ஒரு சிலர் கூடியிருந்து முழுச்சபையின் பெயரால் முடிவு செய்யாதபடி இட்ட வேலி அது. பயிரைக் காக்க வைத்த வேலியைப் பிடுங்கி வழியை மறிக்கப் போட்டால், அது வேலியாகாது. சபையின் கதவு திறந்திருக்க வேண்டுமென்ற யாப்பைக் காக்கப் புறப்பட்டோர், தாம் விடுதிக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தமை எத்துணை முரண்பாடு! அவர்கள் வெளியேறியதாற் பெற்றது ஓர் இரவு மட்டுமே.

நெசவாளியும் சட்ட அறிஞரும்

கதை இத்துடன் முடிந்திருந்தால், பலமுள்ளவன் வென்றான் என்று கூறி ஏட்டை மூடிவிடலாம். ஆனால் அந்தச் சிறுபான்மையோர் அதன்பின் செய்த செயல் வேறு.

அவர்கள் விடுதியில் முடங்கிக் கிடக்கவில்லை, எழுதினார்கள். வெளியேறியோருட் பதினாறு பேர் கைச்சாத்திட்டுத் தம் தொகுதி மக்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தனர். ஏன் வெளியேறினோம், எம்மை எவ்வாறு நடத்தினர் என்பதை விளக்கினர். இழுத்து வரப்பட்ட இருவரின் பெயரும் அதில் இருந்தன. தேர்தலிலும் நின்றனர். தேர்தல் வேளையில் ஒரு கூட்டம் மேற்குப் பிரதிநிதிகளின் விடுதியை இரவிற் கல்லெறிந்து தாக்கிய பின்னரும், அவர்கள் நகரைவிட்டு ஓடவில்லை. மகாநாட்டில் தோல்வி உறுதியென்று தெரிந்தும் போய் அமர்ந்தனர். இம்முறை ஆசனங்கள் வெறுமையாகவில்லை.

அங்கே நடந்த ஒரு வாதத்தை, வழக்கறிஞராகிய நாம் சிறிது வெட்கத்தோடேனும் நினைவுகூர வேண்டும். வில்லியம் பின்ட்லி அயர்லாந்திற் பிறந்தவர். நெசவுத் தொழில் பயின்றவர். சட்டக் கல்லூரி வாயிலை மிதித்தவரல்லர். சிவில் வழக்குகளில் யூரிமார் விசாரணைக்குப் புதிய யாப்பில் உறுதியில்லை என அவர் வாதித்தார். சுவீடன் நாட்டில் யூரிமுறை வழக்கொழிந்தபோது மக்கள் தம் சுதந்திரத்தையும் இழந்தனர் என்று சான்று காட்டினார். சுவீடனில் யூரிமுறை இருந்ததா? யார் சொன்னது? என்று ஜேம்ஸ் வில்சனும், மாநிலத்தின் பிரதம நீதியரசர் தோமஸ் மக்கீனும் வெகுண்டு கேட்டனர். சில நாட்களின் பின் பின்ட்லி நூல்களோடு வந்தார். சட்ட மாணவர் யாவரும் கற்கும் பிளாக்ஸ்ரோனின் மூன்றாந் தொகுதியை விரித்து உரிய பகுதியைக் காட்டினார். சபை அமைதியாயிற்று. தாம் படித்தவை மிகப் பலவாதலின் யாவற்றையும் நினைவில் வைத்திருத்தல் இயலாது, சிறிதே கற்றோருக்கு நினைவில் வைத்தல் எளிது என்னும் பொருள்பட வில்சன் மறுமொழி கூறித் தப்பினார். கூர்மையான மறுமொழிதான். ஆனால் அன்று வென்றது நூலை எடுத்துவந்த நெசவாளியே.

1787 டிசெம்பர் 12 ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. புதிய யாப்பு 46 வாக்குக்கு 23 வாக்காக ஏற்கப்பட்டது. அதற்குமுன், கம்பர்லாந்துப் பகுதிப் பிரதிநிதி றொபேட் வைற்ஹில் பதினைந்து திருத்தங்களை முன்வைத்தார். மனச்சாட்சிச் சுதந்திரம், பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், யூரிமார் விசாரணை, காரணமின்றி வீடு சோதிக்கப்படாமை முதலியன அவற்றுள் அடங்கும். பெரும்பான்மையோர் அவற்றை ஏற்கவுமில்லை. நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதவும் இடங்கொடுக்கவில்லை.

தோற்ற 23 பேருள் 21 பேர், குறிப்பேட்டில் இடம் மறுக்கப்பட்டதைத் தாமே அச்சேற்றினர். டிசெம்பர் 18 ஆம் நாள் அவர்களின் மறுப்புரை வெளியாயிற்று. செப்டெம்பரில் நடந்த பலாத்காரம், வாக்குரிமையுடைய எழுபதினாயிரவருட் பதின்மூவாயிரவரே வாக்களித்தனர் என்னும் முறைப்பாடு, மறுக்கப்பட்ட திருத்தங்கள் யாவும் அதில் வரிசையாய் நின்றன. அது பத்திரிகைகளில் ஏறி மாநிலங்கள் தோறும் பரவியது.

வென்றது எது?

வேறு வழியிற் போனோரும் உளர். அதே டிசெம்பர் 26 ஆம் நாள் கார்லைல் என்னும் ஊரில் யாப்பின் ஏற்பைக் கொண்டாட வந்தோரை எதிர்த்தரப்பார் தடிகொண்டு விரட்டினர். மறுநாள் வில்சன், மக்கீன் ஆகியோரின் கொடும்பாவிகளை எரித்தனர். கொடும்பாவி எரிந்து சாம்பலாயிற்று. யாப்பில் ஓரெழுத்துத்தானும் அதனால் மாறவில்லை.

மறுப்புரையோ சாம்பலாகவில்லை. 1788 பெப்ரவரியில் மசாசூசெற்ஸ் மாநிலம் புதிய யாப்பை ஏற்றபோது, திருத்தங்களையும் உடன் பரிந்துரைத்தது. வேர்ஜீனியாவும் நியூயோர்க்கும் அவ்வழியிற் சென்றன. உரிமைச் சாசனம் வேண்டுமென்ற குரல் ஒரு மாநிலத்துச் சிறுபான்மையின் புலம்பல் என்னும் நிலை கடந்து, நாட்டின் கோரிக்கையாயிற்று. 1789 ஜூன் 8 ஆம் நாள், யாப்பின் சிற்பிகளுள் ஒருவராகிய ஜேம்ஸ் மடிசனே கொங்கிரஸிலே திருத்தங்களை முன்வைத்தார். 1791 டிசெம்பர் 15 ஆம் நாள் பத்துத் திருத்தங்கள் யாப்பின் பகுதியாயின. அவற்றை வைற்ஹிலின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர், குறிப்பேட்டில் இடம் மறுக்கப்பட்டவற்றுட் பல நாட்டின் முதற்சட்டத்தில் இடம்பெற்றிருத்தலைக் காண்பர். அவர்கள் மட்டுமே இதனைச் சாதித்தனர் என்பது எமது கருத்தன்று. பல மாநிலத்துப் பலரின் உழைப்பு அது. ஆனால் காலத்தால் முந்திய தெளிவான குரல்களுள் அது ஒன்று என்பதில் ஐயமில்லை.

பெரும்பான்மையோரும் பாடம் படித்தனர். 1790 இற் பென்சில்வேனியா தன் யாப்பை மாற்றியபோது, இரு சபைகளும் ஓர் ஆளுநரும் வந்தன. குடியரசுக் கட்சியார் விரும்பியது நிறைவேறியது. அதனை வகுத்த மகாநாட்டிலே வில்சனும் பின்ட்லியும் ஒருங்கிருந்தனர். கூட்டநடப்பெண் மூன்றில் இரண்டு என்றிருந்தது பாதிக்கு மேல் என்று குறைந்தது. வாராதோரை வரச்செய்யும் அதிகாரம் சட்டத்தால் வரையறுக்கப்படலாம் என்றும் எழுதப்பட்டது. தெருக்கூட்டத்துக்கும் விடுதிக் கதவுக்கும் இனி வேலையில்லை. பின்ட்லி 1791 முதலும், வைற்ஹில் 1805 முதலும், தாம் எதிர்த்த அதே யாப்பின் கீழ்க் கொங்கிரஸில் அமர்ந்து மக்களுக்குத் தொண்டாற்றினர்.

இது பழங்கதை என்று எண்ணற்க. கூட்டநடப்பெண்ணை மூன்றில் இரண்டாக வைத்திருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் 2003 இலும், 2021 இலும், 2025 இலும் சிறுபான்மை அங்கத்தவர்கள் மாநிலத்தை விட்டே வெளியேறி அலுவலைத் தடுத்தனர். மூன்று முறையும் நாட்டின் கவனம் அவர்கள்பாற் திரும்பியது. மூன்று முறையும் அவர்கள் தடுக்க முயன்ற சட்டங்கள் ஈற்றில் நிறைவேறின. வெற்றாசனம் காலத்தை வாங்கித் தரும். அவ்வாறு வாங்கிய காலத்தில் என்ன செய்தோம் என்பதே கேள்வி.

ஆகவே இரு திறத்தாருக்கும் நாம் கூறுவது இது.

பெரும்பான்மையோரே, எண்ணிக்கை உங்களிடம் இருக்கும்போது பொறுமையும் உங்களிடமே இருத்தல் வேண்டும். பதறிய காரியம் சிதறும். அந்தச் சபை சில வாரம் பொறுத்திருந்தாற் பென்சில்வேனியாவிற் புதிய யாப்பு வீழ்ந்திருக்கும் என்று எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் பொறாததால், நல்லதோர் யாப்பின் பிறப்பிலே கிழிந்த சட்டையின் களங்கம் ஏறியது. மேற்கு மக்களின் உள்ளத்தில் நெடுநாள் ஆறாத புண்ணும் ஏறியது. எதிரியின் கருத்தைக் குறிப்பேட்டில் எழுத இடங்கொடாதவன் அக்கருத்தை அழித்தானல்லன். அதனை அச்சுக்கூடத்துக்கு அனுப்பினான்.

சிறுபான்மையோரே, ஆசனத்தை விட்டெழுவது சில வேளைகளில் தவிர்க்க முடியாததாகலாம். அதனை வெற்றியென்று எண்ணி வீட்டுக்குப் போகாதீர்கள். வெளிநடப்பு ஒரு நாட் செய்தி. காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள், கைச்சாத்திடுங்கள், சான்று கேட்டால் நூலை எடுத்துவந்து காட்டுங்கள், உங்களை அனுப்பிய கமக்காரனின் கையில் அது போய்ச் சேரச் செய்யுங்கள். தோற்ற வாக்கு அன்றே எண்ணி முடிக்கப்படும். எழுதிவைத்த நியாயத்தை நாடு பின்னர் மீண்டும் எண்ணும்.

மக்கல்மொண்டின் ஐந்து சிலிங்கை அன்று வாங்குவார் இல்லை. இருபத்தொருவர் கைச்சாத்திட்ட தாளையோ நான்கு ஆண்டுகளின் பின் நாடே வாங்கிக்கொண்டது. சபைகளில் வாக்குக் குறைந்து நிற்போர் மனத்தில் இருத்தவேண்டிய கணக்கு இதுவே.